சாலையில் நிற்கும்போது கைப் பிரேக்



பாசிர் கூடாங் என்றதும் நம் இளைஞர்கள் பலருக்கு வேகம்தான் நினைவுக்கு வரும். 1986-இல் அங்கே பந்தயத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கு நடந்தது. ஆனால் இன்று நாம் பேச வந்தது ஓடும் வண்டியைப் பற்றி அல்ல. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டியைப் பற்றி.

1977-இல் துறைமுகம் திறக்கப்பட்டது முதல் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள் பெருகின. ஜொகூர் பாருவிலிருந்து அங்கே செல்லும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் கொள்கலன் லோரிகளும் செம்பனை எண்ணெய் ஏற்றிய டாங்கி லோரிகளும் ஓடுகின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அதே சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் மோட்டார் சைக்கிள்கள் கார்களின் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து நிற்கும். அந்த வேளையில் பின்னால் நிற்கும் கார் ஒரு முழம் நகர்ந்தால் போதும், முன்னால் காலூன்றி நிற்கும் பையன் கீழே விழுவான். பக்கத்தில் லோரியின் சக்கரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற கார் எப்படி நகரும் என்று கேட்கலாம். ஓட்டுபவரின் கால் தளர்ந்தால் நகரும். கால் பிரேக்கு நாம் மிதித்திருக்கும் வரையில்தான் பிடிக்கும். இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கண் சொருகலாம். பின் இருக்கையில் குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்கலாம். கீழே விழுந்த காசை எடுக்கக் குனியலாம். காலின் பிடி சற்றே விட்டாலும் ஆட்டோ கியர் கார் தானாக முன்னே ஊர்ந்துவிடும். ஏனென்றால் கியர் ‘டி’யில் இருக்கும் வரை எஞ்சின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. கையால் கியர் மாற்றும் காரில், முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நிற்பவரின் கால் வழுக்கினால் கார் துள்ளிப் பாயும்.

கைப் பிரேக்கு அப்படியல்ல. அதை இழுத்தால் ஒரு கம்பிக் கயிறு பின் சக்கரங்களின் பிரேக்கை இறுக்குகிறது. பிடியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதை இறங்க விடாமல் பூட்டிவிடுகிறது. நாம் கையை எடுத்தாலும் அது பிடித்தபடியே இருக்கும். தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையின் பிரேக்கு பொருத்திய பின்னும் கட்டை போடுபவர்களுக்கு வேலை இருக்கவே செய்கிறது. கைப் பிரேக்கு நம் காரின் முட்டுக்கட்டை.

அப்படியானால் நின்றபோதெல்லாம் இழுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நெரிசலில் நின்று நின்று நகரும்போது கால் பிரேக்கே போதும். நிதானமாகப் பத்து எண்ணும் நேரத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து கைப் பிரேக்கை இழுப்பது நல்லது. இது சட்டப் புத்தகக் கணக்கு அல்ல, நம் கணக்கு. ஆட்டோ கியரிலும் ‘என்’னில் வைத்தால் போதும். ‘பி’யில் போட்டு நிற்கையில் பின்னால் ஒரு வண்டி மோதினால் கியர்ப் பெட்டியில் பூட்டும் சிறு கொக்கி உடையக்கூடும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கைப் பிரேக்கை இழுத்தால் பின்னால் சிவப்பு பிரேக்கு விளக்கு எரியாது. வரிசையின் கடைசியில் நாம் நிற்கிறோம், பின்னால் கொள்கலன் லோரி வருகிறது என்றால், அந்த ஓட்டுநருக்கு நாம் நிற்பது தெரிய வேண்டும். எனவே கைப் பிரேக்கை இழுத்த பிறகும், பின்னால் வரும் வண்டி வந்து நிற்கும் வரை கால் பிரேக்கை மிதித்திருங்கள். அது நின்றபின் காலை எடுத்துவிடலாம். இரவில் அவர் கண்ணும் கூசாது.

ஏற்றத்தில் இந்த யோசனையே வேண்டாம், உடனே இழுங்கள். லைசென்ஸ் சோதனையில் ‘புக்கிட்’ ஏறி நடுவில் நிறுத்தி, பின்னால் வழியாமல் புறப்படக் கற்றோமே, அது சோதனைக்கு மட்டும் உரிய வித்தை என்று பலர் மறந்துவிடுகிறார்கள். முன்னால் பாரம் ஏற்றிய லோரி நின்றால் அதன் பின் டயர் தரையைத் தொடும் இடம் நம் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளி நில்லுங்கள். புறப்படும்போது அது சற்றுப் பின்னால் வரலாம். லோரியின் நிறுத்தப் பிரேக்கு வேறு வகை: வலிய சுருள்வில் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும், காற்றழுத்தம்தான் அதை விடுவிக்கும். காற்று போய்விட்டால் பிரேக்கு தானே பிடித்துக்கொள்ளும்.

ஓடும் காரை நிறுத்த மட்டும் கைப் பிரேக்கை இழுக்காதீர்கள். மழை பெய்த சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

புரோட்டோன் எக்ஸ்70 போன்ற புதிய கார்களில் இழுக்கும் பிடிக்குப் பதில் பொத்தான் இருக்கிறது. தோட்டத்து வீடுகளில் இன்னும் பழைய சாகாவும் கஞ்சிலும் நிற்கின்றன. அவற்றின் கம்பிக் கயிறு காலப்போக்கில் தளர்ந்துவிடும். ஆளில்லாத சிறு ஏற்றத்தில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி வழிந்தால், அல்லது பிடி வழக்கத்தைவிட வெகுவாக மேலே வந்தால், பட்டறையில் காட்டி இறுக்கச் சொல்லுங்கள். குலை ஏற்றிய டிராக்டரை மேட்டில் நிறுத்துபவர்கள், பிரேக்கைப் பூட்டிய பிறகும் சக்கரத்தடியில் ஒரு கட்டையை வையுங்கள். அதன் பின்புறம் நின்று குலை ஏற்றுபவரும் நம் வீட்டு ஆள்தான்.