இ-சைக்கிளில் முழங்கால் வலிக்கிறதா? மோட்டாரைத் திட்டும் முன் பற்களை எண்ணுங்கள்!

முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்? இ-சைக்கிள் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் மேடு ஏறுமா, முழங்கால் தாங்குமா, பேட்டரி வீடு வரை வருமா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

முழங்கால் வலிக்கும் அப்பா காலையில் மார்க்கெட் போய்வர வேண்டும். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு பஸ் கிடைப்பதில்லை. சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிக்கு பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. இப்படி ஏதாவது ஒரு காரணத்துக்காகத்தான் இ-சைக்கிள் வீட்டுக்குள் வருகிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய வண்டி ஆறே மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்றால், பழி பேட்டரி மீதோ மோட்டார் மீதோதான் விழும். கியர் மீது யாருக்கும் சந்தேகம் வராது. ‘மோட்டார் இருக்கும்போது கியர் எதுக்கு?’ என்று கேட்பவர்களே அதிகம்.

இந்திய விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட இ-சைக்கிளுக்கு லைசென்ஸோ பதிவெண்ணோ தேவையில்லை. அந்தச் சலுகையின் மறுபக்கம் இதுதான்: 250 வாட் என்பது சின்ன மோட்டார். ஒரு மிக்ஸியின் மோட்டார் 500, 750 வாட் என்று வருகிறது. அதில் பாதிகூட இல்லாத ஒன்றுதான் 70 கிலோ மனிதரையும் 25 கிலோ வண்டியையும் இழுக்கிறது. மேட்டில் அதற்கு உங்கள் கால் துணைக்கு வந்தே ஆக வேண்டும். அப்படி வரும் கால் சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்பதைத்தான் பற்கள் தீர்மானிக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு

பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரத்தை நம்மூர்க் கடைகளில் ‘செயின் வீல்’ என்பார்கள். பின்சக்கரத்தில் இருப்பது ‘ஃப்ரீவீல்’. முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்றால், பெடலை ஒருமுறை மிதிக்கும்போது பின்சக்கரம் இரண்டு முறை சுற்றும். முன்னால் பல் கூடினால் வேகம் கூடும், மிதிப்பது கனக்கும். பின்னால் பல் கூடினால் மிதிப்பது லேசாகும், வேகம் குறையும்.

பழக்கமில்லாத சாதாரண ஆள் நிமிடத்துக்கு 60 சுற்று சௌகரியமாக மிதிப்பார். அந்த வேகத்தில் வண்டி எவ்வளவு போகும் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. முன்பற்களைப் பின்பற்களால் வகுத்து, 26 இன்ச் சக்கரமாக இருந்தால் 7.5 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. 27.5 இன்ச் சக்கரத்துக்கு 7.8, 29 இன்ச்சுக்கு 8.2, மடக்கு சைக்கிளின் 20 இன்ச்சுக்கு சுமார் 5.5. டயரின் பருமனைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

கியரே இல்லாத ஒரு இ-சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 26 இன்ச் சக்கரத்தில் கணக்கு சுமார் 18 கிலோமீட்டர் என்று வரும். மோட்டாரோ வண்டியை 25 வரை இழுக்கிறது. அந்த வேகத்தில் மோட்டாருக்கு ஈடு கொடுக்க நிமிடத்துக்கு 82 சுற்று மிதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரருக்கு அது சாதாரணம்; அப்பாவுக்கு இல்லை. அதனால் கால் சும்மா காற்றில் சுற்றும், மோட்டாரே முழு பாரத்தையும் சுமக்கும். பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. இதே வண்டி செங்குத்தான மேட்டில் ஏறும்போது கதை தலைகீழ். வேகம் 8 கிலோமீட்டருக்கு விழுந்தால் கால் நிமிடத்துக்கு 26 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் உடல் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும். வலி வருவது அப்போதுதான்.

கியர் இல்லாத வண்டியில் பின் ஃப்ரீவீலை மட்டும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். சமதள ஊர், நல்ல ரோடு என்றால் 18க்குப் பதில் 16 பல் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதி எண்ணிக்கை 82-லிருந்து 73க்கு இறங்கிவிடும். மேடும் மேம்பாலமும் அதிகம், ஓட்டுபவர் வயதானவர் என்றால் நேர்மாறாக 20 பல். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பின்னால் இரண்டு பல் மாற்றுவது முன்னால் ஐந்து பல் மாற்றுவதற்குச் சமம் என்பதால், முதலில் கை வைக்க வேண்டியது பின்பக்கத்தில்தான்.

மோட்டார் எங்கே இருக்கிறது?

நம்மூரில் ஓடும் பெரும்பாலான இ-சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில், ஹப்பிலேயே இருக்கிறது. இதில் செயின் சுமப்பது உங்கள் கால் பலத்தை மட்டும்தான். நீங்கள் எந்த கியர் போட்டாலும் மோட்டாருக்குத் தெரியாது; அது சக்கரத்தோடு சுற்றுகிறது, அவ்வளவுதான். மேட்டில் வண்டி மெதுவானால் மோட்டாரும் மெதுவாகும். 20, 25 கிலோமீட்டருக்காக வடிவமைத்த மோட்டார் 8 கிலோமீட்டரில் திணறும்போது பேட்டரி தரும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகப் போய்விடும். நீண்ட ஏற்றத்தில் ஹப்பைத் தொட்டால் சுடுவது இதனால்தான். எனவே ஹப் மோட்டார் வண்டியில் லேசான கியர் எதற்கென்றால், உங்கள் காலும் வேலை செய்து வண்டியின் வேகத்தை விழவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்கு.

இன்னொரு வகை, மோட்டார் பெடல் அச்சிலேயே இருப்பது. ‘மிட் டிரைவ்’ என்பார்கள். பாஷ், ஷிமானோ, பாஃபாங் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. இங்கே காலும் மோட்டாரும் ஒரே செயினை இழுக்கின்றன. நீங்கள் கியர் மாற்றினால் மோட்டாருக்கும் சேர்த்துத்தான் மாற்றுகிறீர்கள். மலைப்பாதைக்கு இந்த வகையைப் பரிந்துரைப்பதன் காரணமே அதுதான். (பாஷ் நிறுவனத்தின் ஒரு பழைய மாடலைப் பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள்: முன்னால் 15, 18 பல் கொண்ட குட்டிச் சக்கரம்தான் இருக்கும். உள்ளே இருக்கும் பல்லிணைப்பால் பெடல் ஒருமுறை சுற்ற அது இரண்டரை முறை சுற்றும். எனவே 18 பல் என்பது 45 பல்லுக்குச் சமம்.)

மிட் டிரைவில் ஒரு ஆபத்தும் உண்டு. மோட்டாரின் முழு இழுவையும் செயின் வழியாகப் போவதால் செயினும் பற்களும் சீக்கிரம் தேயும். சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னால் 11 பல் குட்டிச் சக்கரத்தில் செயின் இருந்தால், இரண்டு மூன்று பற்கள்தான் பெரும்பாரத்தைத் தாங்கும். முதலில் மழுங்குவது அந்தச் சக்கரமே. கியர் மாற்றும் அந்த அரை வினாடி மிதியைத் தளர்த்தினால் செயின் அறுந்து வழியில் நிற்கும் அவஸ்தை பெரும்பாலும் வராது.

ஊட்டி கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. வழுக்காமல் ஏறுவதற்காக நடுத் தண்டவாளத்திலேயே பல் வைத்திருக்கிறார்கள். அதே சரிவுள்ள ரோட்டில், ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்து, 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 255 வாட் வேண்டும். மோட்டார் 170 கொடுத்தால் மீதி 85 வாட் உங்கள் கால். சாதாரண உடல்நிலை உள்ளவர் இதைக் கொஞ்ச நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் 15 கிலோமீட்டரில் ஏற ஆசைப்பட்டால் 400 வாட் ஆகிவிடும். மோட்டாரும் சரி, காலும் சரி, தாக்குப்பிடிக்காது. ஆக, மேட்டில் 10 கிலோமீட்டரில் நிம்மதியாக மிதிக்க முடிகிற பற்கள் வேண்டும். முன்னால் 42, பின்னால் 34 என்றால் 60 சுற்றில் சுமார் 9 கிலோமீட்டர். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே 42க்குப் பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் 11 கிலோமீட்டர் வரும், கொஞ்சம் கனக்கும்.

பேட்டரியை மட்டும் நம்பி மலையேறலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கவே 380 வாட்-மணி தேவை. 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 280தான் இருக்கும்.

சென்னை, திருச்சி, மதுரைவாசிகளுக்கு இவ்வளவு வேண்டாம். 30 அடிக்கு ஓரடி ஏறும் மேம்பாலத்தில் 15 கிலோமீட்டரில் போகச் சுமார் 200 வாட் போதும். இவர்களின் பிரச்னை எதிர்த்திசை: மேல் கியர் போதாமல் கால் சும்மா சுற்றுவது. ஏழு கியர் ஃப்ரீவீல்களில் பெரும்பாலும் சின்னது 14 பல். முன்னால் 42 என்றால் 60 சுற்றில் 22 கிலோமீட்டர்தான் வரும். செயின் வீலை 48 ஆக்கினால் 25ஐத் தொட்டுவிடும், காலும் மோட்டாரும் சேர்ந்து போகும். 20 இன்ச் மடக்கு சைக்கிளில் முன்னால் 52 பல் பெரிய சக்கரம் இருப்பதும் இதே கணக்கில்தான்.

பாதிக்கு மேற்பட்டவர்கள் கவனிக்காத இன்னொன்று, சென்சார். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மேட்டில் கனமான கியரில் நிறுத்திவிட்டுக் கிளம்பினால், பெடல் நகர்ந்தால்தான் மோட்டார் எழும். மோட்டார் எழுந்தால்தான் பெடல் நகரும் என்ற இக்கட்டு. நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடும் பழக்கம் மட்டுமே இதற்கு மருந்து. முழங்கால் பிரச்னை உள்ளவர்களுக்கு இதை வீட்டில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

கடைக்குப் போகும் முன்...

செயின் வீலைக் கிராங்கில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்களா, ரிவெட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரிவெட் என்றால் கிராங்கோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். போல்ட் என்றால் போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் அளவும் புதியதில் அப்படியே இருக்க வேண்டும். பெரிய செயின் வீல் பின்பக்க ஃபிரேம் குழாயில் இடிக்கக் கூடாது. முன்னாலோ பின்னாலோ நான்கு பல் கூடினால் செயின் ஒரு இன்ச் நீளம் கூட வேண்டும். 28 பல் இருந்த இடத்தில் 34 போடுவதாக இருந்தால், கியர் மாற்றும் டிரெய்லர் அவ்வளவு பெரிய சக்கரத்தைத் தாங்குமா என்று அதன் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய செயினோடு புதுச் சக்கரம் போடுவது காசைக் கரியாக்குவது. ஸ்கேலை வைத்து 12 இன்ச் அளந்து பாருங்கள். புதுச் செயினில் பின் மையம் சரியாக 12 இன்ச்சில் வரும். அதைத் தாண்டி ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தாலே செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹப் மோட்டார் வண்டி என்றால் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்: தடித்த மோட்டார் அச்சும் வயரும் உள்ளே நுழையும் ஃப்ரீவீல் கழற்றி அவரிடம் இருக்கிறதா? சாதாரண சைக்கிள் கழற்றி பெரும்பாலும் உள்ளே இறங்காது. உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் மோட்டார் வயர் போய்விடும்.