டெல்வ்ற் நகரத்து ஓவியரும் அவர்தம் அயலாரும்

ஓவியக் கலையின் வரலாற்றைக் கற்பார்க்கு, அக்கலையைப் பேணினோர் அரசரும் சமயத் தலைவருமே என்னும் எண்ணம் எளிதில் உண்டாதல் கூடும். அசந்தாக் குகைகளும், சிகிரியாக் குன்றும், சித்தன்னவாசலும் அவ்வெண்ணத்திற்கு அரண் செய்வன. உரோமாபுரியிலே பாப்பரசரின் பொருள் இல்லையாயின் மைக்கல் ஆஞ்சலோவின் விதானச் சித்திரமும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து நாட்டிலோ நிலைமை வேறாயிற்று. அந்நாடு இசுப்பானிய மன்னனின் ஆட்சியை உதறிக் குடியரசாயிற்று. சீர்திருத்தச் சமயத்தார் தேவாலயங்களினின்றும் படங்களை விலக்கினர். கோயிலும் அரண்மனையும் கைவிட்டபின் ஓவியன் யாரிடம் சென்றான்? அடுத்த தெருவில் வாழ்ந்த துணி வணிகனிடமும், மது வடிப்போனிடமும், பாண் சுடுவோனிடமும் சென்றான். இவ்வாறு ஊராரை நம்பி வாழ்ந்த ஓவியர் பலருள் யொகானசு வெர்மீர் என்பாரின் வாழ்வு ஆராய்தற்கு மிக ஏற்றது. அவர் வாழ்ந்த ஊர் டெல்வ்ற்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வூர்ப் பெயர் புதிதன்று. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு இட்ட பெயர் இதுவே. கீழைத்தேச வாணிகம் புரிந்த அவர்தம் கும்பனியின் ஆறு சபைகளுள் ஒன்று டெல்வ்ற் நகரில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை அக்கும்பனியின் கைப்பட்டது; ஏறக்குறைய அக்காலத்திலேதான், இன்று உலகறிந்த "பால் ஊற்றும் பெண்" என்னும் படத்தை வெர்மீர் தம் ஊரிலிருந்து தீட்டினார்.

1632ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் அவர் ஞானத்தீக்கை பெற்றார். தந்தையார் பட்டு நெய்தவர்; பின்னர்ச் சந்தை வெளியிலே விடுதி நடாத்தியவர்; அதனோடு படங்களை வாங்கி விற்கும் தொழிலையும் மேற்கொண்டவர். குடிப்பதற்கு வந்தோர் சுவரிலுள்ள படத்தை விலை கேட்டு வாங்கிச் செல்வது அக்காலத்து ஒல்லாந்திற் புதுமையன்று. 1652இல் தந்தையார் இறக்க, அத்தொழிலும் விடுதியும் மகனைச் சார்ந்தன.

ஊரில் ஒருவர் தாம் எழுதிய படத்தைத் தாமே விற்க விரும்பின், புனித லூக்காவின் பெயரால் அமைந்த கைவினைஞர் கழகத்திற் சேர்தல் வேண்டும். ஓவியர் மட்டுமன்றி மட்பாண்டம் வனைவோரும், கண்ணாடி வேலை செய்வோரும், நூல் விற்போரும் அதன் உறுப்பினர். ஆண்டுச் சந்தை நடைபெறும் நாட்கள் தவிர, வெளியூரார் நகருட் படம் விற்பதைக் கழகம் தடுத்தது. உள்ளூர் ஓவியன் பட்டினி கிடவாமைக்கு இதுவே வேலி. வெர்மீர் 1653 டிசெம்பர் 29இல் இதிற் சேர்ந்தார். நுழைவுக் கட்டணம் ஆறு கில்டர்; அன்று அவர் கொடுத்தது ஒரு கில்டரும் பத்துச் சுதைவரும். எஞ்சியதைக் கட்டி முடிக்க 1656 வரை சென்றது. ஒரு கில்டருக்கு இருபது சுதைவர் என்பதை நினைவிற் கொண்டால், தொழில் தொடங்கிய காலத்து அவரது கைந்நிலை விளங்கும். எனினும் பிற்காலத்தில் அக்கழகமே அவரைத் தலைவருள் ஒருவராக இருமுறை தெரிந்தெடுத்தது.

அவர் படங்களை வாங்கியோர் யாவர்? நகர மாந்தருள் வான் இறைவன் என்னும் செல்வரும் அவர் மனைவியார் மரியா டி நைற்றும் முதன்மையானோர். 1657இல் அச்செல்வர் ஓவியருக்கு 200 கில்டர் கடன் கொடுத்தார். 1665இல் அவ்வம்மையார் எழுதிய மரண சாதனத்தில் ஓவியர்க்கு 500 கில்டர் விட்டுச் செல்வதாகக் குறித்தார். உறவினர் அல்லாத ஓவியன் ஒருவனுக்கு இவ்வாறு சொத்து எழுதிவைத்தல் அக்காலத்தில் மிக அரிது. இவ்வீட்டில் உண்மையான இரசிகர் கணவரல்லர், மனைவியாரே என்பது அண்மைக்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. மரண சாதனத்தை நோக்குங்கால் அது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

மற்றொருவர் பாண் சுடுவோர். 1663இல் பிரான்சு நாட்டுப் பிரபு ஒருவர் வெர்மீரின் புகழ் கேட்டு டெல்வ்றுக்கு வந்தார். ஓவியரிடம் காட்டுதற்குப் படம் ஒன்றேனும் இல்லை. பின்னர்ப் பாண் சுடுவோர் ஒருவரின் இல்லத்தில் ஒரே உருவம் அமைந்த படமொன்றைக் கண்டார். அதற்கு 600 இலீவர் கொடுக்கப்பட்டதென அறிந்து, அதிற் சிறு பங்கும் மிகையே எனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தூரதேயத்துப் பிரபுவுக்கு மிகையெனத் தோன்றிய பொருள், அப்பாண் சுடுவோர்க்குத் தம் வீட்டுச் சுவரில் வைத்து மகிழத்தக்கதாயிற்று. கலையை மதிப்பிடுதல் பிரபுக்களின் தனியுரிமை என்போர் இந்நிகழ்ச்சியைக் கருதுவாராக.

இத்தகைய அயலாரின் ஆதரவு ஓவியருக்கு ஓர் அரிய உரிமையை அளித்தது. அது விரையாமல் வேலை செய்யும் உரிமை. அவர் எழுதியனவாக இன்று எஞ்சியுள்ள படங்கள் ஏறக்குறைய 37 மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் அவர் முடித்திரார். விலையுயர்ந்த நீலத்தை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். ஆப்கானித்தானத்துச் சுரங்கக் கல்லை அரைத்தெடுக்கும் அந்நிறத்தைப் பிறர் கன்னி மரியாளின் ஆடைக்கென ஒதுக்கிவைக்க, இவரோ பால் ஊற்றும் பணிப்பெண்ணின் மேலாடைக்கும் நிழலுக்கும் இட்டார். சந்தையில் எவர் வாங்குவாரோ என்று அஞ்சி எழுதுவோன் இவ்வாறு செய்யத் துணியான்.

ஆயின், ஒரு சிலரையே நம்பி வாழும் வாழ்வின் இடரும் அதிலேயே இருந்தது. வெர்மீரின் பெயர் டெல்வ்றுக்கு வெளியே பெரிதும் பரவவில்லை. பரவவேண்டிய தேவையும் அவருக்கு நெடுநாள் தோன்றவில்லை போலும். 1672இல் பிரான்சு மன்னனின் படை நாட்டுட் புகுந்தது. படையைத் தடுக்க ஒல்லாந்தர் தாமே மடைகளைத் திறந்து வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தினர். இத்தகைய காலத்தில் மக்கள் முதற்கண் கைவிடுவது படம் வாங்குதலையே. அவர் எழுதியனவும் விலைபோகவில்லை. விற்பதற்காக வாங்கி வைத்திருந்த பிறர் படங்களும் தேங்கின. 1675 டிசெம்பரில் அவர் 43 வயதில் இறந்தார். ஒன்றரை நாளில் நலமுடையவராயிருந்த நிலையினின்றும் இறந்தார் என அவர் மனைவியார் கதரீனா பின்னர் அதிகாரிகட்கு விண்ணப்பித்தார். அவ்வேளை உயிரோடிருந்த பிள்ளைகள் பதினொருவர்.

பாண் கடன் மட்டும் 617 கில்டருக்குச் சிறிது மேல். அஃது இரண்டு மூன்று ஆண்டுகளின் பாணுக்குரியது எனக் கணிப்பர். 1676 சனவரியில் விதவையார் அதற்கு ஈடாக இரு படங்களைப் பாண் சுடுவோர் வான் பைற்றனிடம் ஒப்படைத்தார். ஆண்டுக்கு 50 கில்டராகக் கடனைத் தீர்த்தால் அவற்றை மீட்கலாம் என்பது உடன்படிக்கை. கடன்காரருள் இவர் கொடியவர் என்று கொள்ளுதல் பொருந்தாது. இரண்டு மூன்று ஆண்டு காலம் பணம் பெறாது அக்குடும்பத்திற்குப் பாண் கொடுத்தவர் அவரே. அம்மையார் "ஓவியக் கலை" என்னும் படத்தை மட்டும் எவ்வாறேனும் காக்க விரும்பித் தம் தாயாருக்கு உரிமையாக்கினார். சொத்தைப் பொறுப்பேற்ற லேவன்குக், நுணுக்குக்காட்டியால் நுண்ணுயிரைக் கண்ட அவ்வறிஞரே, அதனை ஏற்கவில்லை. படங்கள் 1677 மார்ச்சில் கழக மண்டபத்தில் ஏலத்துக்கு வரவிருந்தன.

வான் இறைவன் இல்லத்துப் படங்கள் மகள் வழியாக மருமகனான அச்சுத் தொழிலாளியைச் சேர்ந்தன. அவர் இறந்தபின், 1696இல் அம்ஸ்ரடாமில் வெர்மீரின் படங்கள் இருபத்தொன்று ஒரே நாளில் ஏலத்துக்கு வந்தன. நகரின் தோற்றத்தைக் காட்டும் பெரும் படம் 200 கில்டருக்கும், பால் ஊற்றும் பெண் 175 கில்டருக்கும் விலைபோயின. அந்நாளோடு அவை டெல்வ்ற் ஊராரின் கையை விட்டகன்றன. வான் பைற்றனோ 1701இல் இறந்தார். அவர் வீட்டுப் பொருள்களைப் பதிவு செய்தோர், வெர்மீர் எழுதிய பெரிய படம் ஒன்றையும் சிறியன இரண்டையும் அங்கே சுவரிற் கண்டனர்.