பள்ளத்தாக்கின் வழிகள் – 17: சாலையைப் பந்தயத்துக்குக் கொடுப்பது

கடந்த வாரம் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையின் கதையைப் பார்த்தோம். இந்த வாரம் கீழே இறங்குவோம். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், தேவாரம் என்று நெல் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் சாலைகள் இவை. வருஷத்தில் சில நாள், காலை வெயில் ஏறுவதற்குள் இந்தச் சாலைகளில் பஸ்ஸும் டிராக்டரும் ஓரங்கட்டி நின்றுவிடும். அன்றைக்கு இரட்டை மாட்டு வண்டி எல்கைப் பந்தயம்.

வெளியூர் வாசகர்கள் ரேக்ளா என்றதும் கொங்கு நாட்டுப் பந்தயத்தை நினைப்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அது 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்க்கோட்டில் நடக்கும். ஒவ்வொரு வண்டியாக விட்டு, எத்தனை வினாடி என்று கணக்கெடுப்பார்கள். நம் பக்கத்து ஆட்டம் வேறு. வண்டிகள் ஒன்றாகப் புறப்படும். எல்கை வரை ஓடி, அங்கே கொடி வாங்கித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். தூரத்தை இன்றைக்கும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள். மாட்டின் வயதையும் உயரத்தையும் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள்: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு. வண்டியை ஓட்டுபவர் சாரதி. கூடவே ஓடியும் தாவி ஏறியும் மாட்டை முடுக்குபவர் துணைச் சாரதி. ஒரு ஜோடி மாட்டைப் பந்தயத்துக்குத் தேற்ற, மாதக்கணக்கில் தீனி, நடை, நீச்சல் என்று ஒரு வீடே உழைக்கும்.

இந்தப் பந்தயத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் நின்றால் வண்டிகள் கண்முன் கடப்பது சில வினாடிதான். எல்கையில் யார் முந்தினார் என்று தெரியாது. அதனால் இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு வண்டிகளோடு ஓடுகிறார்கள். முன்னால் இருபது பைக், பின்னால் ஐம்பது பைக். ஒரு கை ஆக்ஸிலேட்டரில், மறு கை செல்போனில். ஹாரன் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில் மாடு ஓடுகிறது. பந்தயத்தைப் பார்க்கப் போனவர்களே பந்தயத்துக்கு ஆபத்தாகிவிடுகிறார்கள். இதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும். அதற்கு ஒரு தீவு வரை போய்வருவோம்.

கப்பலில் ஏறும் பைக்குகள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் இருக்கிறது ஐல் ஆஃப் மேன். மக்கள்தொகை சுமார் 84,000. ஒவ்வொரு வருஷமும் மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும், அதாவது முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வருமா என்று நாம் பார்த்திருக்கும் நாட்களில், அந்தத் தீவுக்குப் பல்லாயிரம் பேர் பந்தயம் பார்க்க வருகிறார்கள். டூரிஸ்ட் டிராபி, சுருக்கமாக டி.டி. உலகின் மிகப் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒன்று.

வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சொந்த பைக்கோடு வருகிறார்கள். இங்கிலாந்தின் ஹீஷம் துறைமுகத்திலிருந்து தீவின் தலைநகர் டக்ளஸுக்குப் படகுப் பயணம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதை நடத்தும் ஸ்டீம் பேக்கெட் கம்பெனி 1830-இல் தொடங்கியது. கப்பலின் வயிற்றுக்குள் பைக்கை ஓட்டிப் போய், வரிசையாக நெருக்கி நிறுத்துவார்கள். கடல் ஆடினாலும் சாயாதபடி சீட்டின் மேல் மெத்தை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். பந்தய வாரத்துக்கான டிக்கெட்டுக்குப் பல மாதம் முன்பே முந்திக்கொள்ள வேண்டும். தீவில் ஓட்டல் அறைகள் போதாது. ஊர்மக்கள் தங்கள் வீட்டு அறைகளையே வாடகைக்குத் திறந்துவிடுகிறார்கள்.

அங்கே பந்தயத்துக்கென்று தனித் தடம் கிடையாது. பள்ளிக்கூடப் பஸ்ஸும் பால் வண்டியும் ஓடும் அதே ஊர்ச் சாலைதான் தடம். ஒரு சுற்று 37.73 மைல், ஏறத்தாழ 61 கிலோமீட்டர். நம் கணக்கில் தேனியில் பஸ் ஏறி குமுளியில் இறங்கும் தூரம். இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், வீட்டுச் சுவர்கள், கல் வேலிகள், தந்திக் கம்பங்கள், நடுவில் ஒரு மலை. அந்தத் தூரத்தை 2023-இல் பீட்டர் ஹிக்மேன் 16 நிமிஷம் 36 வினாடியில் சுற்றி வந்தார். சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டர்.

டி.டி.யில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. பத்து வினாடிக்கு ஒருவராக விடுவார்கள்; போட்டி கடிகாரத்தோடு. அந்த வகையில் அது கொங்கு ரேக்ளாவுக்கு உறவு. அதே தீவின் தெற்கே பில்லவுன் தடத்தில் நடக்கும் ‘சதர்ன் 100’ பந்தயத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாய்வார்கள். அது நம் எல்கைப் பந்தயத்துக்கு உறவு. சைட்கார் பிரிவில் வண்டிக்கு இருவர். ஒருவர் ஓட்ட, மற்றவர் வளைவுக்கு வளைவு தன் உடம்பை வெளியே தள்ளி வண்டியைச் சமன்செய்வார். துணைச் சாரதியின் வேலை என்னவென்று தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அவருடைய அருமை சொல்லாமலே விளங்கும்.

தொடர்பு இதோடு முடியவில்லை. 1907 மே 28-இல் நடந்த முதல் டி.டி.யில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபௌலர் வென்றது நார்ட்டன் வண்டியில். அந்த நார்ட்டனை 2020-இல் வாங்கியது டி.வி.எஸ். மோட்டார். 1911-இல் நம் பக்கத்து மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வாரிசு அது.

சட்டம் போட்டு மூடிய சாலை

ஏன் அந்தத் தீவில்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் சாலை வேகம் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடவும் பார்லிமென்ட் இடம் கொடுக்கவில்லை. தீவுக்கோ டின்வால்ட் என்ற சொந்தச் சட்டமன்றம் இருந்தது. 1904-இல் அது சட்டம் இயற்றி, பந்தயத்துக்காகச் சாலையை மூட வழிசெய்தது. முதலில் கார்கள் ஓடின. அடுத்து மோட்டார் சைக்கிள்கள் வந்தன.

சாலையை மூடுவதென்றால் அங்கே முழுக்க மூடுவதுதான். குறித்த நேரத்துக்குப் பிறகு தடத்தில் ஒரு சைக்கிள்கூட இறங்கக் கூடாது. சாலையோரத்து வீட்டுக்காரரும் குறுக்கே கடக்கக் கூடாது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். தடம் நெடுக ஐந்நூறுக்கும் மேற்பட்ட மார்ஷல்கள் நிற்கிறார்கள். எல்லாரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்கள் போதிய எண்ணிக்கையில் வந்து சேராவிட்டால் பந்தயம் தொடங்காது. கப்பலில் பைக் கொண்டுவந்த ரசிகர், அந்த பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து, மேங்ஸ் ரேடியோவின் நேரடி வர்ணனையில் மற்ற மைல்களைக் கேட்டுக்கொள்கிறார். வண்டியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. பந்தயம் இல்லாத நேரத்தில் அவரே மலைச் சாலையில் வேகம் காட்டி விழுந்த அனுபவங்களும் தீவுக்கு உண்டு. அதனால்தான் டி.டி. நாட்களில் மலைச் சாலையை ஒருவழிப் பாதையாக்குகிறார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அந்த மலைத்தடம் 260-க்கும் மேற்பட்ட பந்தய வீரர்களைப் பலிவாங்கியிருக்கிறது. பாதுகாப்பு போதவில்லை என்று 1976-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் கணக்கிலிருந்தே டி.டி. நீக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்தத் தீவைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இறந்தவர்கள் ஆபத்தை அறிந்து, தாமே கையெழுத்திட்டு ஏறியவர்கள்.

நம் பந்தயத்தில் ஓடுவது மாடு. அது கையெழுத்துப் போடவில்லை. பைக் சத்தத்தில் மிரண்டாலும், இடறி விழுந்தாலும் நம்மிடம் வந்து முறையிடப் போவதில்லை. அந்தத் தீவுக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையைவிட நாம் எடுக்க வேண்டிய அக்கறை கூடுதல் என்று நான் சொல்வது இதனால்தான். மாட்டை முன்னிட்டுப் பந்தயத்தையே விட்டுக்கொடுத்த வரலாறு அந்தத் தீவுக்கும் உண்டு. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது, வெளியூர்க்காரர்களின் டயரோடும் செருப்போடும் நோய் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று அந்த வருஷ டி.டி.யை ரத்து செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது இந்தப் பள்ளத்தாக்கு பட்ட வேதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. ஆனால் அந்தத் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டோடு சேர்த்து மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றின் பெயர் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வரையறையில் இல்லை. மகாராஷ்டிரம் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கென்றே தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நம் எல்கைப் பந்தயத்துக்கும் அப்படிப் பெயர் சொல்லும் விதி வேண்டும்: எந்தச் சாலை, எத்தனை மைல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்று.

சட்டம் வரும்வரை விழாக் குழுக்களும் காவல் துறையும் சேர்ந்தே செய்யக்கூடியவை இருக்கின்றன. மாடு புறப்பட்ட பிறகு தடத்தில் முன்னால் ஒரு நடுவர் வண்டி, பின்னால் கால்நடை மருத்துவரும் ஆம்புலன்சும். வேறு எந்த வண்டியும் கூடாது. வழியில் உள்ள ஒவ்வொரு ஊரிலிருந்தும் பத்து இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, கையில் கொடி கொடுத்து, தங்கள் ஊர் எல்லைக்குள் தடத்தைக் காக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். இன்றைக்கு பைக்கில் துரத்துகிற அதே பையன்கள் நாளைக்கு அந்த வேலையைப் பெருமையோடு செய்வார்கள். எல்கையில் நடப்பதை ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொல்லலாம். பந்தயத்தை யூடியூபில் காட்டுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்தப் படத்தை ஊர்ப் பந்தலில் ஒரு திரையில் போடுவது பெரிய செலவில்லை. நடப்பது தெரிந்துவிட்டால், துரத்திப் பார்க்க வேண்டிய காரணம் பாதி குறைந்துவிடும்.

மாட்டைப் பிள்ளையாக வளர்ப்பவர்கள் நாம். மாட்டுப் பொங்கலன்று கம்பம் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் கூடும் கூட்டமே அதற்குச் சாட்சி. அந்த மாடு ஓடும் அரை மணி நேரத்துக்குச் சாலையை முழுசாக அதற்கு விட்டுக்கொடுப்பது நம்மால் முடியாத காரியமில்லை. அடுத்த பந்தயத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பரிசுத் தொகைக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: தடத்துக்குள் பைக் வந்தால் பந்தயம் நிறுத்தப்படும். அச்சிட்டதோடு விடாமல், முதல் பைக் நுழைந்ததும் நிறுத்தியும் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: போடிநாயக்கனூருக்குத் திரும்பி வந்த ரயில்)