வருடாந்த மதிப்பீடு: ஊழியரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

மார்ச் 31 உடன் நிதியாண்டு முடிகிறது. கணக்கு முடிக்கும் அதே நாட்களில்தான் பல கம்பனிகளில் ஊழியர்களின் வருடாந்த மதிப்பீடும் நடக்கிறது. யாருக்கு இன்கிரிமென்ட், யாருக்கு போனஸ், யாருக்குப் பதவி உயர்வு என்பதெல்லாம் ஓரிரு வாரங்களில் முடிவாகிவிடும். நுகேகொடையில் தனியார் நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற வகையில், இந்த நாட்களில் முகாமையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்பது படிவத்தை நிரப்புவது பற்றியல்ல. "இதை அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது?" என்றுதான் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. எமது கடைகளையும் சிறு நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டால், ஊழியரிடம் அவரது வேலையைப் பற்றிப் பேசும் முறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, வாடிக்கையாளர் முன்னால் வைத்து ஏசுவது. மற்றது, எதுவுமே சொல்லாமல் மனதில் வைத்திருந்து போனஸில் காட்டுவது. இரண்டிலும் ஊழியர் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இதற்கு நாம் கொடுக்கும் விலை சிறியதல்ல. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். சம்பளம்தான் முதற்காரணம், சந்தேகமில்லை. ஆனால் வேலை தெரிந்த ஒருவரை இங்கே வைத்திருக்க விரும்பும் முதலாளியிடம் பணத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? "உன் வேலையை நான் கவனிக்கிறேன், நீ முன்னேற வழி இருக்கிறது" என்று நேர்மையாகச் சொல்லும் ஒரு பேச்சு இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

கருத்துச் சொன்னாலே வேலை திருந்திவிடும் என்று நினைப்பது தவறு. க்ளூகர், டினிஸி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் இது பற்றிய முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலை முன்பிருந்ததைவிட மோசமானது. சொல்லப்பட்டது வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைக் கடை மொழியில் சொல்கிறேன். "நீ பொறுப்பில்லாத ஆள்" என்றால், கேட்பவரின் மனம் உடனே தன் மானத்தைக் காக்கப் புறப்பட்டுவிடும். "போன நவம்பரில் மூன்று தடவை இரவு ஸ்டொக் கணக்கு எழுதப்படவில்லை. அதனால் மறுநாள் காலை ஓடர் பிந்தியது, இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள்" என்றால், பேசுவதற்கு ஒரு விடயம் கிடைக்கிறது. எப்போது நடந்தது, என்ன செய்யப்பட்டது, அதனால் என்ன விளைந்தது என்ற இந்த மூன்று படிகளை அமெரிக்காவின் சென்டர் போர் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் பயிற்சி முறையாகவே கற்பிக்கிறது. பாராட்டுக்கும் இதே முறைதான். "நல்லா செய்றீங்க" என்பது காதுக்கு இனிமை, ஆனால் எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

சம்பளப் பேச்சு வேறு, வேலைப் பேச்சு வேறு

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்தப்பட்டு 1965இல் வெளியான ஆய்வொன்று, சம்பள உயர்வையும் வேலைத் திருத்தத்தையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள் என்றது. எவ்வளவு கூடும் என்று காத்திருப்பவரின் காதில் வேறெதுவும் ஏறாது. அதே நிறுவனம் பிற்காலத்தில் ஜக் வெல்ச் தலைமையில் ஊழியர்களை 20, 70, 10 என வீதம் பிரித்து, கடைசிப் பத்து வீதத்தினரை வெளியேற்றும் முறைக்குப் பெயர் பெற்றது என்பது வேடிக்கையான வரலாறு. ஊழியர்களை இவ்வாறு ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசொஃப்ட் 2013இல் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய வருடமே வருடாந்த மதிப்பீட்டை நிறுத்தி, வருடம் முழுவதும் அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது.

சிறிய நிறுவனங்களுக்கும் இதில் பாடமுண்டு. மதிப்பீட்டு நாளில் ஊழியர் முதன்முறையாகக் கேள்விப்படும் குறை எதுவும் இருக்கக் கூடாது. மே மாதத்துத் தவறை மார்ச்சில் சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

எந்த மொழியில்?

கொழும்பில் நாம் கவனிக்காமல் விடும் விடயம் இது. படிவம் ஆங்கிலத்தில், முகாமையாளர் பேசுவது சிங்களத்தில், ஊழியர் யோசிப்பது தமிழில். "நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" என்ற பெட்டியில் அடையாளமிட்டுக் கையொப்பம் வாங்கினால் அது மதிப்பீடாகாது. ஊழியருக்கு வசதியான மொழியில் பேசுங்கள். முடியாவிட்டால் அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரையே பேச விடுங்கள். இந்த வருடம் எது நன்றாகப் போனது, எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டால், நீங்கள் சொல்ல நினைத்ததில் பாதியை அவரே சொல்லக்கூடும். ஸ்டொக் கணக்கு எழுதப்படாததற்கு, அந்த நேரத்தில் அவரை டெலிவரிக்கு அனுப்பியதே காரணமாகவும் இருக்கலாம்.

நீதியும் சட்டமும்

நேர்மையாக அளப்பது ஓர் அமானத். முதலாளியின் மருமகன் பிந்தி வந்தால் கண்டுகொள்ளாமல், தூர ஊரிலிருந்து வந்த பொடியன் பிந்தினால் குறித்து வைப்பது மதிப்பீடல்ல. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் தருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகப் புள்ளி குறைக்கக் கூடாது. அனுமதியோடு ஜும்ஆவுக்குப் போய் வருபவரையும் அப்படித்தான் நடத்த வேண்டும். முஸ்லிமல்லாத முகாமையாளரிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த நீதியை, எம்மிடம் வேலை செய்யும் மற்றச் சமூகத்தவரும் எம்மிடம் எதிர்பார்ப்பார்கள்.

எழுத்தில் வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்று நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை. சிறிய கடை ஊழியரும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஐந்து வருடமாக "நன்று" என்று எழுதிவிட்டு ஆறாம் வருடம் "வேலை தெரியாது" என்று நிறுத்தினால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராகப் பேசும். மனம் நோகக் கூடாதென்று பொய்யாகப் பாராட்டுவது இரக்கமல்ல. திருந்தும் வாய்ப்பை அது அவரிடமிருந்து பறிக்கிறது.

ஊழியராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்லப்பட்டால் உடனே மறுக்காதீர்கள். "ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நீங்கள் செய்த நல்ல வேலைகளைத் திகதியோடு குறித்து வைத்துக்கொண்டு போங்கள். படிவத்தை விளங்காமல் கையொப்பமிடாதீர்கள்.

முதலாளிமாருக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான்: ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வோர் ஊழியருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் ஒரு தடவை, கடை மூடிய பின் பத்து நிமிடம் தனியாகப் பேசி, நல்லது ஒன்றும் திருத்த வேண்டியது ஒன்றும் திகதியிட்டு எழுதுங்கள். அடுத்த மார்ச்சில் என்ன சொல்வதென்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.