கவடியார் மேட்டில் ஒன்பது குழிகள்

‘கோல்ப்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்குப் புன்னகைதான் தோன்றும். வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற ஆட்டம். பெரிய உத்தியோகஸ்தர்களின் காலைப் பொழுதுபோக்கு. மாதக் கடைசியில் அரிசிக் கணக்குப் பார்க்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சென்ற ஆண்டுவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இன்று அந்த எண்ணத்தைச் சிறிது மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றிக்கொண்ட விதத்தை அன்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியிருக்கும் நம்மவர்க்குத் திருவனந்தபுரம் பிழைப்பளிக்கும் ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டின் பக்கம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1979-இல் கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் காலை வண்டியில் ஏறித் தலைநகருக்கு வேலைக்குப் போவது எளிதாயிற்று. அவ்வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் எழுத்தர்களுள் நானும் ஒருவன்.

என் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கவடியாரிலுள்ள திருவனந்தபுரம் கோல்ப் கழகத்தில் அங்கத்தினர். ஒருநாள் சீட்டு வாங்க வந்தவர், “நீர் கணக்கில் கெட்டிக்காரர் ஆயிற்றே! எங்கள் ஆட்டத்தில் அடிப்பது அவ்வளவு கடினமில்லை, கணக்குத்தான் கடினம். ஒருமுறை வந்து பாரும்” என்றார். அடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில் என்ன கடினம் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் பழைய மட்டை ஒன்றையும் நாலைந்து பந்துகளையும் கொடுத்தனுப்பினார். ஆறு மாத காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தென்னந்தோப்பில் அடித்துப் பழகினேன். அண்டை வீட்டார் என் புத்தி நலத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய வேளையில், விருந்தாளியாக வரும்படி பெரியவர் அழைத்தார்.

தம்பானூர் நிலையத்தில் இறங்கி, வெள்ளயம்பலம் வழியாகக் கவடியாருக்குப் பேருந்தில் போனேன். கழகத்தின் மைதானம் திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் தோன்றியது. பரப்பு ஏறக்குறைய 25 ஏக்கர். சமதளமாய் வெட்டிய இடமன்று. மேடும் பள்ளமும் மரங்களுமாக, நம் நாட்டு நிலம் இயல்பாக எப்படி இருக்குமோ அப்படியே புல்லை மட்டும் போர்த்துக்கொண்டு கிடக்கிறது. நகரத்தின் நடுவே இத்தனை பெரிய நிலம் ஒரு கழகத்தின் கையில் இருக்கலாமா என்ற கேள்வி நெடுங்காலமாக உண்டு. நிலக் குத்தகை குறித்து அரசாங்கத்துக்கும் கழகத்துக்கும் வழக்கும் நடந்ததுண்டு. அந்த நியாயத்தை இங்கே நான் தீர்க்கப் புகவில்லை.

மைதானத்தில் குழிகள் ஒன்பது. உலகின் பெரிய மைதானங்களில் பதினெட்டு இருக்கும். இந்தப் பதினெட்டு என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் ஆட்டக்காரர் கடற்கரையோரமாகப் போய், அதே குழிகளின் வழியே திரும்பி வந்து, மொத்தம் இருபத்திரண்டு குழிகள் ஆடிவந்தார்கள். 1764-இல் சில குழிகளை ஒன்றாக்கவே, எண்ணிக்கை பதினெட்டாயிற்று. பின்னர் அதுவே உலகுக்கெல்லாம் பிரமாணமாயிற்று. அதே ஸ்காட்லாந்தில் 1457-ஆம் ஆண்டு, போர்ப்பயிற்சிக்கு இடையூறாகிறது என்று இந்த ஆட்டத்துக்குப் பாராளுமன்றம் தடை விதித்திருந்தது என்பதும் சுவையான செய்தி.

மலைப்பாங்கான இடத்தில் பதினெட்டுக் குழிக்கு நிலம் தேடுவது கடினம். ஆகவே ஒன்பது குழி அமைத்து, இருமுறை சுற்றிவந்து பதினெட்டாக்குவது வழக்கம். தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் மூணாற்றிலும் இத்தகைய ஒன்பது குழி மைதானம் உண்டு. உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் பதினெட்டுக் குழி மைதானங்கள் உள்ளன.

ஆட்டத்தின் இலக்கணம் எளியது. தொடங்கும் மேடையிலிருந்து பந்தை அடித்து, கொடி நாட்டிய குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்கவேண்டும். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. குழியின் அகலமோ நாலேகால் அங்குலந்தான். ஒருவர் கொண்டுபோகக்கூடிய மட்டைகள் பதினான்கு. குழியின் தூரத்தை ஒட்டி மூன்று, நான்கு அல்லது ஐந்து அடிகள் என்று தேர்ந்த ஆட்டக்காரனுக்கு அளவு வகுத்திருக்கிறார்கள். வல்லவனும் புதியவனும் சேர்ந்து ஆடும்போது, புதியவனுடைய மொத்தத்தில் அவன் தரத்துக்கேற்பச் சில அடிகளைக் கழித்துவிடுவார்கள். ஆகவே அனுபவசாலியோடு முதல் ஆண்டுக்காரனும் சமமாக நின்று ஆடலாம். இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை வேறு ஆட்டங்களில் நான் கண்டதில்லை.

எங்களுடைய மட்டைப் பையைச் சுமந்துவந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். பையைச் சுமந்து, வழி சொல்லி உடன் வருபவருக்கு இந்த ஆட்டத்தில் ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பதிவேட்டில் பெயருள்ள போக்கிரி அல்லவா? இதை நான் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். “என் கல்யாணத்தின்போது பெண் வீட்டாரும் இதைக் கேட்டுத்தான் பயந்தார்கள், தம்பி” என்றார். அன்று முதல் நான் அவரை அண்ணாச்சி என்றே அழைத்துவருகிறேன்.

மேட்டு நிலத்தில் ஆடும் வித்தையை எனக்குச் சொல்லித் தந்தவர் அந்த அண்ணாச்சிதான். ரயில்வேக்காரனாகிய எனக்கு ஏற்ற இறக்கத்தின் கணக்கு ஓரளவு தெரியும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு இழுவை மிகுதியாக வேண்டும். இறக்கத்தில் தடை வேண்டும். இங்கும் அப்படியே. கொடி மேட்டின் மீது இருந்தால், பறந்து செல்லும் பந்தை உயர்ந்த தரை முன்னதாகவே தடுத்துவிடும். ஆகவே தூரம் செல்லக்கூடிய மட்டையை எடுக்கவேண்டும். கொடி பள்ளத்தில் இருந்தால் நேர்மாறு. பந்து நம் பாதத்தைவிட உயர்ந்த சரிவில் கிடந்தால், வலக்கைக்காரன் அடிக்கும் பந்து இடப்புறம் வளையும். தாழ்ந்து கிடந்தால் வலப்புறம் ஓடும். ஆகவே அந்த வளைவை முன்னரே கணக்கிட்டுக் கொடிக்கு அப்பாலோ இப்பாலோ குறி வைக்கவேண்டும். தோள்களைச் சரிவுக்கு எதிராக நிமிர்த்தாமல், சரிவோடு சரிவாகச் சாய்த்து நிற்கவேண்டும். குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையில் பந்தை உருட்டுமுன், தாழ்ந்த பக்கத்தில் நின்று பார்த்தால் சரிவு நன்கு புலப்படும்.

“நிலத்தோடு சண்டை போடாதீர்கள், தம்பி. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே உங்களுக்கு வேலை செய்து தரும்” என்றார் அவர். பிழைப்புக்காக அயலூரில் வந்து குடியேறி, அந்த ஊர்ப் பாஷையும் வழக்கமும் கற்று வாழ்ந்துவரும் நமக்கு இது புதிய பாடமன்று.

இனி அந்தக் கணக்கின் கடினத்தைச் சொல்லுகிறேன். முதற்சுற்றில் ஒரு குழியருகே என் பந்து பள்ளத்தில் ஓடி, உயர்ந்த புல்லுக்குள் சென்றுவிட்டது. பெரியவர் மேட்டுக்கு அப்பால் இருந்தார். அண்ணாச்சி பையோடு சற்றுத் தொலைவில் நின்றார். நான் சரிவில் கால் ஊன்றி நின்றபோது என் பாதம் சறுக்கிப் பந்தைத் தொட்டது. பந்து இரண்டு விரற்கடை நகர்ந்தது. இவ்வாறு நேர்ந்தால் பந்தை முன்னிருந்த இடத்தில் வைத்து, கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பந்தை எடுத்து முன்னிருந்த இடத்தில் வைத்தேன்; அடித்தேன்; அந்த ஓர் அடியைக் கூட்ட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவதும் பொய். கூட்டவில்லை, அவ்வளவுதான்.

குழி முடிந்ததும் பெரியவர் அட்டையும் பென்சிலுமாக, “எத்தனை?” என்றார். “எட்டு” என்றேன். அவர் எட்டு என்று எழுதிக்கொண்டார். மறுபேச்சில்லை.

அன்பர்களே, நான் நாள்தோறும் பிறர் பணத்தை எண்ணுகிறவன். மாலையில் கணக்கு முடிக்கையில் பத்து ரூபாய் குறைந்தால் என் பையிலிருந்து வைக்கிறேன். அதை என் நேர்மை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். ஆனால் அங்கே தணிக்கைக்காரர் இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார். இங்கே ஒருவருமில்லை. கிரிக்கெட்டில் நடுவர் உண்டு. கால்பந்தில் ஊதுகுழலுடன் ஒருவர் கூடவே ஓடுகிறார். கோல்ப் ஆட்டத்தில் ஆட்டக்காரன்தான் சாதாரணமாகத் தனக்குத் தானே நடுவன். என் நேர்மையில் எவ்வளவு பங்கு என்னுடையது, எவ்வளவு தணிக்கைக்காரருடையது என்ற கேள்வி அந்தப் பள்ளத்தில்தான் எனக்கு எழுந்தது. அடுத்த மேடைக்கு ஏறும் தூரம் நூறு அடிகூட இராது. எனக்கு அது மலையேற்றமாக இருந்தது.

மேடையை அடைந்ததும், “சார், எட்டு அல்ல, ஒன்பது. புல்லில் என் கால் பட்டுப் பந்து நகர்ந்தது” என்றேன். பெரியவர் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினார். பாராட்டவுமில்லை, காரணம் கேட்கவுமில்லை. அது அந்த ஆட்டத்தின் பண்பாடு. சரியாக எண்ணியவனைப் புகழ்வது, திருடாதவனைப் புகழ்வது போன்றது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

பின்பு இது பற்றிப் படித்தபோது ஒரு பழைய செய்தி கிடைத்தது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் புல்லில் கிடந்த பந்தை அடிக்க நின்றபோது அது சிறிது அசைந்துவிட்டது. பிறர் எவரும் கண்டிலர். அவர் தாமாகவே ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். போட்டி முடிவில் அவரும் வில்லி மக்பர்லேன் என்பவரும் சமமாக நின்றார்கள். மறு ஆட்டம் ஆடியும் சமமே. இரண்டாம் மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைக் கூட்டாதிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிராது, பட்டம் அவருடையது. என்னுடைய எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பட்டம் எதுவும் இல்லை. ஒன்றுமில்லாததற்கே என் மனம் சறுக்கியது என்பதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் அதே ஒன்பது குழிகளை மறுபடியும் ஆடினோம். ஒன்பது குழி மைதானத்தின் சிறப்பு இதுதான். காலையில் தவறு செய்த அதே பள்ளத்துக்கு இன்னொரு முறை போய் நிற்கலாம். இம்முறை சரிவு எனக்குத் தெரிந்திருந்தது. ஏழில் முடித்தேன். முதற்சுற்றைவிட மொத்தத்தில் ஐந்து அடி குறைவு. ஆயினும் அந்த ஒன்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

விடைபெறும்போது அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்து, “பந்து நகர்ந்ததை நானும் பார்த்தேன், தம்பி. நீங்களே சொல்லட்டும் என்றுதான் பேசாமல் நின்றேன்” என்றார். ஒருவரும் பார்க்கவில்லை என்று நான் எண்ணியிருந்த இடத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டும், என் மானத்தைக் காத்துக்கொண்டும் நின்றிருக்கிறார். அவரையா கேடி என்பது!

இந்த ஆட்டம் நம் வீட்டு வரவு செலவுக்கு அடங்கியதன்று என்பதை நான் மறைக்கவில்லை. மட்டைகளின் விலையும் கழகக் கட்டணமும் நமக்கு எட்டாதவை. எனினும் பை சுமந்தவர்களும் புல்வெட்டியவர்களின் பிள்ளைகளும் இந்தியாவில் இந்த ஆட்டத்தின் உச்சிக்கு ஏறியிருக்கிறார்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரானார். 1993-இல் மீண்டும் வென்றார். கல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்த ஒருவரின் மகனான சௌராசியா அதே பட்டத்தை 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெற்றார். ஆகவே மைதான வேலிக்குள் எந்த வாசல் வழியாகப் போனாலும், போனவர் போனவரே.

நம் பிள்ளைகளுக்கு மட்டை வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோலியாட்டத்திலும் கிட்டிப்புள்ளிலும்கூட, தன் கணக்கைத் தானே சரியாகச் சொல்லும் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம் அல்லவா? என் மகனுக்கு ஒன்பது வயது. தென்னந்தோப்பில் பழைய மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடிவருகிறான். “எத்தனை?” என்று கேட்கிறேன். சொல்லுகிற எண்ணை அப்படியே எழுதிக்கொள்கிறேன். சில நாட்களில் சிறிது தூரம் போனவன் திரும்பி வந்து, “அப்பா, இன்னும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்” என்கிறான்.