முறுக்கு, மோட்டல், கமிஷன்: உங்கள் வெப்சைட்டுக்கு எந்த அஃபிலியேட் புரோகிராம் சரிவரும்?

சேலத்தில் இருந்து திருச்செங்கோடு போகும் வழியில் ஆட்டையாம்பட்டி வந்துவிட்டால், வண்டியை ஓரங்கட்டி முறுக்கு வாங்குவது பலருக்குப் பழக்கம். யாரும் கைகாட்டி அனுப்பத் தேவையில்லை. ஊர் பேரே போதும்.

நெடுஞ்சாலை மோட்டல் கதை வேறு. அங்கே பஸ்ஸை நிறுத்தும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு ஃப்ரீ, சில இடங்களில் கையில் காசும் உண்டு. கூட்டத்தைக் கொண்டுவந்தது அவர்கள்தானே! அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பதும் இதுதான். உங்கள் வெப்சைட்டில் உள்ள லிங்க்கை அழுத்திப் போய் ஒருவர் பொருள் வாங்கினால், விற்பவர் உங்களுக்குக் கமிஷன் தருவார். அமேசான் இதை 1996-லேயே ஆரம்பித்துவிட்டது.

ஆனால், மோட்டல் சாப்பாடு எப்படி இருக்கும் என்பது பஸ்ஸில் போன எல்லோருக்கும் தெரியும். யார் அதிகம் தருகிறாரோ அங்கே வண்டியை நிறுத்தினால் என்ன ஆகுமோ, அதேதான் வெப்சைட்டிலும் ஆகும்.

சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்

ஆட்டையாம்பட்டியில் ஒருவர் நொறுக்குத்தீனி பற்றி வெப்சைட் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 600 ரூபாய் முறுக்குக் குழலுக்கு 6% கமிஷன் என்றால் ஒன்றுக்கு 36 ரூபாய். இன்னொரு பக்கம், வெப் ஹோஸ்டிங் கம்பெனி ஒன்று ஒரு கஸ்டமருக்கு 1,500 ரூபாய் தருகிறேன் என்கிறது. மனசு எங்கே போகும்?

ஆயிரம் பேர் லிங்க்கை அழுத்தி, 20 பேர் குழல் வாங்கினால் 720 ரூபாய். அதாவது ஒரு கிளிக்குக்கு 72 பைசா. முறுக்கு ரெசிபி தேடி வந்தவர்களில் ஹோஸ்டிங் வாங்குபவர் எத்தனை பேர்? அநேகமாக ஒருவரும் இல்லை. இது கற்பனைக் கணக்குதான். ஆனால் ஒப்பிட வேண்டியது ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்பதைத்தான். இதை 'இபிசி' என்பார்கள்.

குக்கீ எத்தனை நாள் தாங்கும்?

லிங்க்கை அழுத்தியவர் உடனே வாங்கிவிடுவதில்லை. அவர் உங்கள் வழியாக வந்தவர் என்பதை நினைவில் வைக்கத்தான் குக்கீ. அமேசானில் இதன் ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் 89 நாள் வரை அவகாசம் உண்டு. 30 நாள் வரை கணக்கில் எடுக்கும் புரோகிராம்களும் இருக்கின்றன. இளம்பிள்ளை சேலை மாதிரி நாலு பேரிடம் கேட்டு, சம்பள நாள் பார்த்து வாங்கும் பொருளுக்கு 24 மணி நேரம் ரொம்பவே குறைவு.

துணிமணியில் இன்னொரு சிக்கல் ரிட்டர்ன். ஆர்டர் விழுந்ததும் டேஷ்போர்டில் தெரியும் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் போய்விடும். மீதி உள்ளதும் அமேசானில் மாத முடிவில் இருந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும்.

விதிகளை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது சந்தேகமே! அமேசானில் சேர்ந்து 180 நாளுக்குள் குறைந்தது மூன்று விற்பனை வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கிக்கொண்டால் செல்லாது.

ஒரே கடையை நம்பலாமா?

2020 ஏப்ரலில், கொரோனா லாக்டவுன் நேரத்தில், அமெரிக்காவில் அமேசான் கமிஷனைத் திடீரெனக் குறைத்தது. ஃபர்னிச்சருக்கு 8% இருந்தது 3% ஆனது. மளிகைக்கு 5% என்பது 1% ஆனது. அதை மட்டும் நம்பியிருந்த வெப்சைட்களின் வருமானம் ஒரே உத்தரவில் சரிந்தது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதித் தருவதில்லை.

அதனால் ஒரு பெரிய தளம், கூடவே கியூலிங்க்ஸ் மாதிரி பல கடைகளை ஒரே இடத்தில் தரும் நெட்வொர்க், மூன்றாவதாக நேரடியாகப் பேசி முடித்த உள்ளூர் கடை என்று பிரித்து வைப்பது நல்லது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. கூரியரில் முறுக்கு அனுப்பும் கடைக்காரரிடம் உங்களுக்கென்று ஒரு கூப்பன் கோடு கேட்டு வாங்கினால் போதும். எந்தக் குக்கீயும் வேண்டாம். அந்தக் கோடு சொல்லி வந்த ஆர்டர் எத்தனை என்று மாதக் கடைசியில் எண்ணிவிடலாம்.

சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

பஸ் பயணியிடம் டிரைவர் தன் கமிஷனைச் சொல்வதில்லை. வெப்சைட்டில் அப்படி இருக்க முடியாது. விளம்பரத் தர கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணத் தொடர்பு இருந்தால் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 'இந்த லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்' என்று கட்டுரையின் மேலேயே, தமிழிலேயே, ஒரு வரி போட்டால் போதும்.

சேரும்போதே பான் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5%-ல் இருந்து 2% ஆகக் குறைந்தது. பான் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20%.