கல்லீரலில் ஒரு கோரைக் கிழங்கு

"மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாம், புனேயிலேயே தயாராகிறதாம். நமக்கு எப்போது போடுவார்கள்?" என்று வட சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை மலேரியா. முதல் தடவை கொடுத்த மாத்திரை போலியாக இருக்குமோ என்றும் அவருக்குச் சந்தேகம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி நல்ல சேதிதான். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அது பெரிய துணை. ஆனால் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தைக் குறிவைத்து அதைச் செய்திருக்கிறார்கள். சென்னையில் நெடுங்காலமாக அதிகம் காணப்படுவது வைவாக்ஸ். அதைத் தடுப்பதற்கான ஊசி இதுவல்ல. 'மலேரியாவுக்கு முடிவு' என்று தலைப்புப் போடுமுன் இந்த வேறுபாட்டைச் சொல்வது பத்திரிகைகளின் கடமை.

மாத்திரையும் போலியாக இருக்கவேண்டியதில்லை. கொசு கடித்ததும் ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போகும் என்பது பள்ளிப் பாடம். வைவாக்ஸின் தனித்திறன் அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. ஒரே கடியில் உள்ளே வந்தவற்றில் சில, ஈரல் செல்லுக்குள் புகுந்த கையோடு பெருகத் தொடங்கும். சுமார் எட்டு நாளில் ஆயிரக்கணக்காகி, செல்லை உடைத்துக்கொண்டு ரத்தத்தில் இறங்கும். கூடவே வந்த வேறு சில பெருகாது. சில மைக்ரான் அளவில், ஒற்றை உட்கருவோடு, பிளவுபடாமல் கிடக்கும். ஹிப்னோசோயிட் எனப்படும் இந்த உறங்கு நிலை ரத்தப் பரிசோதனையில் தெரியாது, காய்ச்சலும் தராது. ரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும் குளோரோகுவின் இதைத் தொடுவதே இல்லை. வாரங்களோ மாதங்களோ கழித்து ஒன்று விழித்தால் மறுபடி குளிர்காய்ச்சல். புதிதாகக் கொசு கடித்திருக்கவே வேண்டாம்.

கோரை மண்டிய வயலில் களை பறித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பறித்தால் மேலே இருக்கும் தாள் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். எல்லாக் கிழங்கும் ஒரே நாளில் முளைத்தால் ஒரே உழவில் வம்சம் அழிந்துபோகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயம் கிளம்புவதுதான் கோரையின் பலம்; வைவாக்ஸின் பலமும் அதுவே. ஊருக்கேற்ற பருவமும் அதற்கு உண்டு. கொரியாவின் நீண்ட குளிர்காலத்தில் கொசு கிடையாது. அங்கே ஒரு கோடையில் புகுந்த வைவாக்ஸ் பெரும்பாலும் அடுத்த கோடையில்தான் முளைக்கும். ஆண்டு முழுக்கக் கொசு பறக்கும் பாப்புவா நியூ கினியில் சில வாரம் போதும். ஒரு மழைக்குக் கோரை குப்பென்று கிளம்புகிறதல்லவா, அப்படி வேறொரு காய்ச்சல் இதைக் கிளப்பிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாய்லாந்தில் ஃபால்சிபாரத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு இரண்டு மாதத்துக்குள் வைவாக்ஸ் வந்திருக்கிறது. இந்தக் கிழங்கைக் கொல்லவும் மருந்து இருக்கிறது: பிரைமாகுவின். களைக்கொல்லி தெளிக்குமுன் பயிர் தாங்குமா என்று பார்ப்பது போல இதற்கும் பார்க்கவேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

வரலாறு சுருக்கமாக: 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஷார்ட், கார்ன்ஹாம் இருவரும் 1948இல் அதைக் குரங்கின் ஈரலில் கண்டார்கள். உறங்கும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில்தான் குரோடோஸ்கியின் குழு நுண்ணோக்கியில் காட்டியது.

வைவாக்ஸுக்கு மருத்துவ நூல்கள் நெடுங்காலம் 'தீங்கற்ற மலேரியா' என்று பெயர் சூட்டியிருந்தன. அந்தப் பெயர் தவறானது. இளஞ்சிவப்பணுக்களில் மட்டுமே அது புகுவதால் ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். ஆனால் அது புகாத சிவப்பணுக்களும் சேர்ந்து அழிகின்றன. திரும்பத் திரும்ப வரும்போது குழந்தைகளுக்குக் கடும் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த பிள்ளை என்று கேடு சேர்ந்துகொண்டே போகும்.

பரவுவதிலும் இது முந்திக்கொள்ளும். கொசுவுக்குத் தொற்றும் வடிவம் ஃபால்சிபாரத்தில் தாமதமாக வரும்; வைவாக்ஸில் காய்ச்சல் தொடங்கும்போதே ரத்தத்தில் இருக்கும். நோயாளி மருத்துவரிடம் போகுமுன்பே கொசு எடுத்துக்கொண்டு போய்விடும். சென்னையில் அந்தக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. அதற்குச் சாக்கடை வேண்டாம். கிணறும் மூடி உடைந்த மாடித் தொட்டியும் போதும். தொட்டி நீரில் புழு தலைகீழாகத் தொங்காமல் மேற்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அது அனாஃபிலிஸ். 2016இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்ற இலங்கையிலும் அதே காலத்தில் மன்னாரில் இந்தக் கொசு கண்டறியப்பட்டது.

கொசுவை ஒழித்தால் மட்டும் போதுமா? பாப்புவா நியூ கினிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஐந்தில் நான்கு வைவாக்ஸ் தொற்றுகள் ஈரலில் உறங்கியவை விழித்ததால் வந்தவை. ஆகவே ஈரலைச் சுத்தம் செய்யாத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். நம் நாட்டில் பிரைமாகுவின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே வேளை மருந்தான டாஃபெனோகுவினுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தபோதும் பெரிய ஆரவாரம் எழுந்தது. அதற்கு ஜி6பிடி அளவைத் துல்லியமாகப் பார்க்கும் கருவி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இரண்டு மருந்துமே ஆகாது.

வாசகருக்கு என் பதில் இதுதான். தடுப்பூசிக்குக் காத்திருக்கவேண்டாம். ரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ் என்று வந்தால், "ஜி6பிடி பார்த்தாயிற்றா, பிரைமாகுவின் எத்தனை நாள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் 14 நாள் என்று சொன்னால், உடம்பு தேறிய பிறகும் கடைசி மாத்திரை வரை சாப்பிடவையுங்கள். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.